ஏழு பொட்டு வைத்த ரம்பம்

2024 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரும் முறை என்பதால் ஆறு மணிக்குள் தொட்டியும் மூன்று குடமும் நிரம்பின. காபி குடித்தேன். பேப்பரில் மூன்று பக்கம் படித்தேன். வாரம் ஒரு முறை செய்கிறபடி சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டேன். ஏழரைக்கு மூன்று தோசை. எட்டு ஐந்துக்கு வீட்டின் பின்னால் உள்ள ஷெட்டைத் திறந்து, மெயின் சுவிட்சைப் போடாமல், தரையை மட்டும் பெருக்கி வைத்தேன். எட்டேகாலுக்கு மாப்பிள்ளை மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்.

மாப்பிள்ளை என்பது என் தங்கை கணவர். தச்சு வேலை செய்கிறவர். போன வருஷம் ஒரு வீட்டில் பரண் பலகை அடிக்கும்போது ஏணி சறுக்கி வலது தோளில் அடிபட்டது. ஏழு மாதம் வேலை இல்லை. கை தலைக்கு மேலே போகும், காபி டம்ளர் பிடிக்கும், கையெழுத்துப் போடும். ஆனால் பெரிய கட்டையை ரம்ப மேஜையில் அழுத்தித் தள்ள முடியாது. தள்ளினால் பாதி வழியில் தோள் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் இந்த ரம்பத்தை வாங்கினேன். வழக்கமான மேஜை ரம்பத்தில் பிளேடு ஓரிடத்தில் சுற்றும். கட்டையை நாம் அதை நோக்கித் தள்ள வேண்டும். இதில் கட்டை மேஜை மேல் சும்மா கிடக்கும். மேலே ஒரு இரும்புத் தூணிலிருந்து ஆர்ம், அதாவது ஒரு இரும்புக் கை, நீட்டிக்கொண்டிருக்கும். மோட்டாரும் பிளேடும் ஒரு வண்டி போல அந்த ஆர்மில் தொங்கும். பிடியைப் பிடித்து முன்னால் இழுத்தால் வண்டி ஓடிவந்து கட்டையை அறுக்கும். தள்ள வேண்டியது எதுவும் இல்லை.

கிடைத்தது ராஜபாளையத்தில். நான் அங்கே ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். மில்லுக்கு இரண்டு தெரு தள்ளி, பேண்டேஜ் துணி அனுப்புவதற்கு மரப்பெட்டி செய்த பட்டறை ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் தெலுங்கு பேசுகிறவர். உள்பக்கம் திரும்பி மனைவியிடம் தெலுங்கில் காபி சொல்லிவிட்டு என்னிடம் தமிழில், "பெட்டியெல்லாம் அட்டைக்கு மாறிட்டு. இது சும்மா நிக்கி. இதுக்குச் சோறு போட வேண்டாம் சார், எண்ணெய் மட்டும் போடுங்க" என்றார்.

ஷெட்டில் முன்பு ஒருவர் மாவு மில் வைத்திருந்தார். த்ரீ ஃபேஸ் இணைப்பு அப்படியே இருந்தது வசதியாயிற்று. முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது பிளேடு தலைகீழாகச் சுற்றியது. அணைத்துவிட்டு இரண்டு வயரை இடம் மாற்றினேன், சரியாகச் சுற்றியது. ரசமட்டம் வைத்துக் கால்களுக்கு அடியில் தகடு கொடுத்தேன். ஆர்மின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு. வண்டியின் பேரிங்குகள் அதில்தான் உருளும். இரண்டு பள்ளத்தையும் மண்ணெண்ணெயில் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவினேன். மேஜைப் பலகையை ஆர்முக்கு இணையாக்கவே இரண்டு மாலை ஆயிற்று. பிறகு, கட்டை சாய்ந்து நிற்கும் தடுப்புச் சட்டத்துக்கும் பிளேடு ஓடும் பாதைக்கும் மூலைமட்டம் பிடித்தேன். அகலமான பலகை ஒன்றைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டைப் புரட்டிப் போட்டு, அறுத்த முகங்களைச் சேர்த்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை. வியாழக்கிழமை பத்து துண்டு வேப்பங்கட்டை வெட்டினேன். பத்தும் சரி. டைரியில் 'பத்தும் சரி' என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை பூஜை. என் மனைவி தட்டில் சந்தனமும் குங்குமமும் கொடுத்தாள். பொட்டு வைத்தது நான். மோட்டாரில் ஒன்று, தூணில் இரண்டு, ஆர்மில் பக்கத்துக்கு ஒன்று, மேஜைக் காலில் ஒன்று, சுவிட்சுப் பெட்டியில் ஒன்று, மொத்தம் ஏழு. மாப்பிள்ளை ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, சுவிட்சைப் போட்டு உடனே அணைத்தார். நான் எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். சனிக்கிழமையும் எனக்கு மில். ஆக ஞாயிற்றுக்கிழமைதான் அவர் முதன்முதலாக வெட்டப்போகிற நாள்.

அவருக்கு ஒரு வேலை காத்திருந்தது. கூமாப்பட்டியில் புது வீடு, ஒன்பது ஜன்னலுக்கும் கதவுச் சட்டம். மாப்பிள்ளைக்கு அடிபடுவதற்கு முன்பே வீட்டுக்காரர் இவரிடம் சொல்லி வைத்திருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் முடியும் முடியாது என்று ஒரு பதில் சொல்லிவிடும்படி கேட்டிருந்தார். மம்சாபுரத்தில் ஒரு சிமெண்ட் கடையிலும் கல்லாவில் உட்கார ஆள் கேட்டிருந்தார்கள். அங்கேயும் திங்கட்கிழமைதான் பதில்.

"மச்சான், சிமெண்ட் கடையில ஃபேன் இருக்காம்," என்றார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே. "உங்க ஷெட்டுல அதுவும் இல்ல."

"மொத துண்டை வெட்டுங்க மாப்ளே. பொறவு ஃபேனைப் பத்திப் பேசுவோம்."

இந்த வகை ரம்பத்தில் ஒரு குணம் உண்டு. இழுக்க வேண்டியது குறைவு. பல் கட்டையைப் பிடித்ததும் வண்டி தானாகவே ஆளை நோக்கிப் பாயும். அதை அடக்கி, மெதுவாக வரவிட வேண்டும். அவர் மோட்டாரைப் போடாமல் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.  பிறகு போட்டார்.

சட்டத்தின் மூலைக்கு அவர் செய்வது பாதி வெட்டு. இரண்டு கட்டைகளின் முனையிலும் பாதிக் கனத்தை எடுத்துவிட்டு ஒன்றின் மேல் ஒன்றைப் படுக்க வைத்தால் மூலை ஒரே மட்டமாக அமரும். பிளேடைப் பாதிக் கனத்துக்கு இறக்கி, கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அடுத்தடுத்துப் பல முறை இழுக்க வேண்டும். வெட்டிய இடம் தரை போலச் சமமாக வர வேண்டும்.

முதல் ஜோடி ஆடியது. மேலே இருந்த கட்டையை விரலால் அழுத்தினால் எதிர்முனை எழும்பியது. இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள் கோத்த ஃபீலர் கேஜை வைத்தேன். பாயிண்ட் முப்பது மில்லிமீட்டர் தகடு நுழைந்தது, முப்பத்தைந்து நுழையவில்லை. இரண்டாவது ஜோடியும் ஆடியது. மூன்றாவது ஜோடிக்கு அவர் இன்னும் மெதுவாக இழுத்தார். அதுவும் அப்படியே. ஏழாவது கட்டையை வெட்டிவிட்டு மோட்டாரை அணைத்தார்.

"இழுக்கையில பாதியில டக்குனு ஒரு பிடிப்பு வருது மச்சான்."

"எங்க?"

"எங்கயா? தோளுலதான். வேற எங்க வரும்?" சிரித்தார். "டாக்டர் சொன்னாரு, நாள்பட சரியாயிரும்னு. எம்புட்டு நாள்னு சொல்லல."

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பிடியை வாங்கி நானே ஒரு துண்டு வெட்டிப் பார்த்திருக்க வேண்டும். மில்லில் எந்த மெஷினிலும் கோளாறு என்றால் ஆளை மாற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் படி. ஆனால் அவர் விட்ட பிடியை அவர் முன்னாலேயே நான் பிடித்து, என் துண்டு சரியாக வந்துவிட்டால்? வியாழக்கிழமை வெட்டிய பத்தும் அலமாரியில் அவர் கண்ணெதிரே அடுக்கியிருந்தன. வீட்டு மாப்பிள்ளையிடம் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவரும், நீங்க வெட்டிப் பாருங்க என்று சொல்லவில்லை.

"வண்டி மேல பாய்ஞ்சு வர்ற மெஷின் இது," என்றார். "பாதியில தோள் பிடிச்சா பிடி நழுவும். நழுவுனா விரல் இருக்காது. இல்ல மச்சான், வேண்டாம். காலையில எட்டு மணிக்குக் கூமாப்பட்டிக்குச் சொல்லிருதேன்."

என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். "அண்ணே, ரசம் ஊத்திக்கோங்க" என்றாள். "போதும்மா, கல்லாவுல உக்காரப் போறவனுக்கு வயிறு ரொம்பப் பெருக்கக் கூடாது" என்றார். மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டார்.

ஐந்தேகாலுக்கு டைரி எழுத உட்கார்ந்தேன். 'மாப்பிள்ளை ஏழு கட்டை வெட்டினார். ஏழும் சரியில்லை. இழுக்கும்போது ஓரிடத்தில் கை நடுங்குகிறது' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தேன். ஓரிடத்தில் என்றால் எந்த இடத்தில் என்று குறிக்காதது சரியாகப் படவில்லை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

ஏழு கட்டையையும் வரிசையாக வைத்து, வெட்டிய பரப்பின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு மேடு. தடுப்புச் சட்டத்தில் சாய்ந்திருந்த ஓரத்திலிருந்து அளந்தேன். முதலாவதில் எழுபது மில்லிமீட்டர். இரண்டாவதில் எழுபது. ஏழாவதிலும் எழுபது. அது மட்டுமில்லை. ஒரே கட்டையில் அவர் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்திருப்பார். அத்தனை இழுப்பின் மேடும் சேர்ந்து ஒரே கோடாக ஓடியிருந்தது, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி. நடுங்குகிற கை அப்படி நேர்கோடு போடாது.

மோட்டாரைப் போடாமல் பிடியைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். பாதியில் டக்கென்றது. என் தோளில் ஒரு கோளாறும் இல்லை.

திரும்பத் தள்ளி, வலது பேரிங்கைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். டக்கென்ற இடத்துக்கு நேர் மேலே ஆர்மில் நான் வைத்த பொட்டு இருந்தது. மேல் பாதிதான் இருந்தது. கீழ்ப் பாதி பள்ளத்துக்குள் வழிந்து, எண்ணெயோடு குழைந்து, இரண்டு நாள் காய்ந்து, அன்று காலை பேரிங் உருண்டு உருண்டு, தகடு மாதிரி இறுகியிருந்தது. பேரிங் அதன் மேல் ஏறிய போதெல்லாம் பிளேடும் அந்த அளவு எழும்பி, கட்டையில் மேடு விட்டிருக்கிறது. ஆர்மின் மேல்பக்கத்தில் பழைய பெயிண்ட் செதில் செதிலாக இருந்ததால், சந்தனம் ஒட்டட்டும் என்று கீழே, பள்ளத்தை ஒட்டிய பளபளப்பான விளிம்பில் வைத்தது நினைவுக்கு வந்தது. மில்லில் ஆயுத பூஜைக்கு நாங்கள் பொட்டு வைப்பது மூடிகளிலும் கதவுகளிலும் மட்டும். உருளும் இடத்தில் யாரும் வைக்கமாட்டார்கள். அந்த விதியைப் புது ஆட்களுக்குச் சொல்பவனும் நான்தான். காலையிலிருந்து அவரும் நானும் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். பொட்டு என்று பார்த்தோம். அதற்கு ஒரு கனம் இருக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

துணியை நனைத்துக்கொண்டு வந்தபோது என் மனைவி பூஜை விளக்கை ஏற்றிவிட்டுக் கைகட்டி ஷெட் வாசலில் நின்றாள்.

"என்னத்தைத் துடைக்கப் போறீங்க?"

சொன்னேன்.

"விளக்கு வச்ச பொறவு பொட்டை அழிப்பாங்களா? அதுவும் பூஜை போட்ட மெஷின்ல. காலையில குளிச்சிட்டுத் துடைங்க. ராத்திரியிலயா அறுக்கப் போறாக?"

அதில் தர்க்கம் இருந்தது. துணியைக் கொடியில் போட்டுவிட்டு, தங்கைக்குப் போன் செய்தேன்.

"அவிய அப்பவே படுத்துட்டாகண்ணே. வந்ததுல இருந்து ஒரு பேச்சுப் பேசல. என்ன நடந்துச்சு அங்க?"

"ஏட்டி, காலையில கூமாப்பட்டிக்குப் போன் போட வேண்டாம்னு சொல்லு. ஆறரைக்கு இங்க வரச்சொல்லு. வேலை செய்யிற பனியனோட வரச்சொல்லு."

பின்னால் அவர் குரல் கேட்டது. "என்னவாம்?"

"பனியனோட வரணுமாம்."

"கேலி பண்ணுதாரா?"

"இல்லன்னு சொல்லு," என்றேன். போனில் காரணம் சொல்லவில்லை. சொன்னால், தன்னைத் தேற்றுவதற்காக மச்சான் ஏதோ கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைப்பார். டைரியில் சாயங்காலம் எழுதிய வரியை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் 'எழுபது மி.மீ.' என்று மட்டும் எழுதினேன்.

திங்கட்கிழமை ஆறு இருபத்தைந்துக்கே வந்துவிட்டார். நான் குளித்துவிட்டு, ஈரத் துணியும் ஒரு மூங்கில் குச்சியும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் துடைத்திருக்கவில்லை.

"மாப்ளே, வலது கை ஆள்காட்டி விரலை இந்தப் பள்ளத்துல வச்சு இழுத்துட்டே போங்க."

விரலை வைத்து இழுத்தார். நின்றது. பின்னால் கொண்டுபோய் மறுபடி இழுத்தார். மறுபடி நின்றது. குனிந்து பார்த்தார். விரல் நுனியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். 

"ஏழு பொட்டு வச்சீகளே மச்சான்," என்றார் பிறகு. "எட்டாவதா என் நெத்தியில ஒண்ணு வச்சிருந்தா சோலி முடிஞ்சிருக்கும்."

குச்சியை என்னிடமிருந்து வாங்கி அவரே சுரண்டினார். நான் ஈரத் துணியாலும், பிறகு காய்ந்த துணியாலும் துடைத்தேன். இன்னொரு பக்கத்துப் பொட்டையும் எடுத்துவிட்டோம். இரண்டுக்கும் பதிலாக மோட்டார் மூடியில் புதிதாக இரண்டு வைத்தேன். என் மனைவி வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள். ஆறு ஐம்பதுக்கு அவர் மோட்டாரைப் போட்டார். பிடியை வலது கையால் பிடித்து, மெதுவாக, கடைசி வரை இழுத்தார். இரண்டு கட்டை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, நான்கு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்தினார். ஆடவில்லை. நான் ஃபீலர் கேஜில் இருப்பதிலேயே மெல்லிய தகட்டை விரித்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு மணி பார்த்தார். ஏழு ஐந்து. கூமாப்பட்டிக்காரர் எழுந்திருப்பார் என்று சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.