பாலுசாமி மச்சான் நடத்தின தெரட்டிச் சீரு

எங்க அக்கா ஊட்டுக்காரர் பாலுசாமி மச்சானைப் பத்தி பல்லடம் பக்கம் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும். எனக்கு அவரைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும்.

கறிக்கோழிப் பண்ணை வெச்சிருக்காருங்க. குஞ்சு வந்து எறங்கிட்டா மனுசன் கோழி ஷெட்டை விட்டு நகர மாட்டாரு. பல்பு சூடு பத்துதா, தண்ணி சுத்தமா இருக்குதா, எது சோந்து நிக்குதுன்னு குனிஞ்சு குனிஞ்சு பாப்பாரு. ஒண்ணு தலையைத் தொங்கப் போட்டாப் போதும், கோழிக் கம்பெனி டாக்டருக்குப் போன் பறக்கும். ஆனா பெத்த புள்ளை லோகப்பிரியா எத்தனாவது படிக்கறான்னு கேட்டா அக்கா மூஞ்சியைப் பாப்பாரு.

போன வருசமே நான் அக்காகிட்டச் சொன்னேன். "பிரவீனாக்கா, புள்ளைக்கு வயசாகுது. என்ன ஆகும், எத்தனை நாள் இருக்கும், நாப்கின் எப்படி வெக்கோணும்னு முன்னாடியே சொல்லி வெச்சரலாம். உனக்குக் கூச்சமா இருந்தா நான் சொல்றேன்."

டிவி பாத்துட்டிருந்த மச்சான் திரும்பாமயே சொன்னாரு. "அதெல்லாம் இப்பவே சொல்லிப் புள்ளையைக் கெடுக்காதீங்க அம்மணி. வர்றப்ப தானாத் தெரிஞ்சுக்கும்."

அக்காவும் அதுக்குத் தலையாட்டினா. தானாத் தெரிஞ்சுக்குமாம்! கோழி என்ன, தடுப்பூசியைத் தானாவா போட்டுக்குது?

எப்படித் தெரிஞ்சுக்கிச்சுன்னு கேளுங்க. ஸ்கூல் பாத்ரூம்ல ரத்தத்தைப் பாத்துட்டு, உள்ள என்னமோ அறுந்துபோச்சுன்னு ஒக்காந்து அழுதிருக்கு. கூடப் படிக்கற யுஸ்ராங்கற புள்ளைதான் தன் பையில இருந்த நாப்கினைக் குடுத்து, பயப்படாதேன்னு சொல்லி, டீச்சர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருக்கா. அவ அம்மா அவளுக்குச் சொல்லி வெச்சிருந்தாங்க.

மச்சானுக்கு அன்னைக்கு வந்த சந்தோசத்தைப் பாக்கோணுமே! புள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசலை, பொம்பளைங்க சமாச்சாரமாம். ஆனா தெரட்டிச் சீருக்கு, அதாங்க வயசுக்கு வந்த சடங்குக்கு, அந்தக் கையோட மண்டபம் புடிக்கக் கெளம்பிட்டாரு. நல்ல நாள்ல மண்டபம் கெடைக்க மூணு வாரம் ஆகும்னாங்க. சரி, அதுவரைக்கும் புள்ளை வாசல் தாண்டக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு. பஸ் ஸ்டாப்புல ஃப்ளெக்ஸ் வெச்சாரு பாருங்க, புள்ளை மூஞ்சியை விட இவரு மீசை பெருசு. பொம்பளைங்க சமாச்சாரம்னு காதைப் பொத்தின ஆளு, அதையே ஊருக்குப் படம் போட்டுக் காட்டினாரு. தூ, வெக்கங்கெட்ட மனுசன்.

நான் இருக்கறது சிங்காநல்லூர்ல. போன் பண்றப்பெல்லாம் அக்கா ஒரே பாட்டுத்தான்: "நல்லா இருக்கறா, உளுந்தங்களி திங்கறா, பச்சை முட்டை குடிக்கறா."

சீர் அன்னைக்கு மண்டபத்து ரூம்ல சேலை கட்டி உடறப்பத்தான் பாத்தேன். உதடெல்லாம் வெளுத்துக் கெடக்குது. எந்திரிச்சு நின்னா செவுத்தைப் புடிக்குது.

"சித்தி, அன்னைக்கு வந்தது இன்னும் நிக்கவே இல்லை. மணிக்கு ஒருக்கா மாத்தறேன். அம்மாகிட்டச் சொன்னா, எல்லாருக்கும் அப்படித்தாங்கறாங்க" அப்படீன்னு அழுதுச்சு.

வாசல்ல ஒறம்பரை சனங்களைக் கும்பிட்டுட்டு நின்ன மச்சான்கிட்ட ஓடினேன். "ஏனுங்க மச்சான், புள்ளையை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணுமுங்க. ரத்தம் நிக்காமப் போயிட்டு இருக்குது."

"சத்தம் போடாதீங்க அம்மணி. இதுக்குப் போயி ஆஸ்பத்திரி படியேறினா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? சீர் முடியட்டும், பாத்துக்கலாம்." அப்படியே அக்கட்டால திரும்பி, "வாங்க, வாங்க, இருந்து சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்"னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு மேல காறித் துப்பலாம்னு வந்துச்சு.

மேடையில புள்ளையை உக்கார வெச்சாச்சு. எங்க அண்ணன் அருள்குமார்தான் தாய்மாமன். கருமத்தம்பட்டியில தறி ஓட்டறவரு, தட்டுத் தட்டாச் சீர் கொண்டாந்திருந்தாரு. மாலையைப் போட்டுட்டு, எங்க ஊட்டு வழக்கப்படி, "மாமன்கிட்ட என்ன வேணுமோ கேளு கண்ணு"ன்னாரு. சபையில கேட்டதைத் தாய்மாமன் இல்லைங்கக் கூடாது. புள்ளைங்க வளையல் கேக்கும், செல்போன் கேக்கும். மச்சான் ஓடிவந்து மைக்கை லோகா வாய்கிட்ட நீட்டினாரு. மச்சினன் குடுக்கறது மண்டபத்துக்கே கேக்கோணுமாம்.

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க மாமா. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது."

மச்சான் மைக்கைப் புடுங்கிட்டு, "புள்ளை வெளையாடுதுங்க"ன்னு இளிச்சாரு. அண்ணன் அவரு பக்கமே திரும்பலை. மாலையைக் கழட்டி வெச்சுப்போட்டு, புள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுட்டுக் காருக்கு நடந்தாரு. நான் செருப்புக்கூடப் போடாம பின்னால ஓடினேன். அக்காவும் ஒருவழியா எந்திரிச்சு வந்தா.

ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தினாங்க. டாக்டரம்மா அக்காவைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. "ஒரு வாரத்துக்கு மேல போனாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைஞ்சாலோ உடனே கூட்டிட்டு வரோணும்னு உங்க ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியாதா?"

லோகா தலையைத் தூக்கி, "அப்ப நான் ஒண்ணும் தப்புப் பண்ணலீங்களா டாக்டர்?" அப்படீன்னு கேட்டுச்சு. அத்தனை நாளும் அதையேதான் நெனச்சுட்டுக் கெடந்திருக்கு.

ரத்தம் ஏறிட்டு இருக்கறப்பவே மச்சான் வந்தாரு, அதே பட்டு வேட்டியில. எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. "அத்தனை ஒறம்பரைக்கு முன்னாடி இப்படிப் பண்ணிப்போட்டியே கண்ணு. அங்க பந்தியில உக்காந்திருக்கறவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

லோகா அழுகலை. "நீங்க மண்டபத்துக்குப் போங்கப்பா. அங்க தேடுவாங்க" அப்படீன்னுச்சு.

ஒரு பேச்சுக்குக்கூட இருக்கறேன்னு சொல்லலைங்க அந்த மனுசன். போயிட்டாரு.