ஆற்றுக்குள் போன தெரு

நான் வேலை பார்க்கும் ஊர் யாங்கூனுக்கு எதிர்க்கரையில், டாலாவையும் தாண்டி இருக்கிறது. ஊர் என்று சொன்னாலும் நான்கு வட்டாரங்கள்தான். வெள்ளைக்காரன் காலத்தில் நெல் ஏற்றும் படகுகள் நிற்கிற துறையாகத் தொடங்கி, பிறகு அரிசி ஆலை வந்து, ஆலையில் மூட்டை தூக்க நம் ஆட்கள் வந்து ஊரானது. ஆலை மூடிவிட்டது. நிர்வாக அலுவலகம் மட்டும் நின்றுவிட்டது. அதில் நான் குடும்பப் பதிவேடு எழுதுகிறவள். எந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் பிறந்தார், யார் போனார் என்பதெல்லாம் பர்மிய மொழியில், என் கையெழுத்தில் இருக்கும். யாங்கூன் பக்கக் கரையில், அலோனில் இருக்கும் என் வீட்டிலிருந்து தினமும் படகில்தான் போய் வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் புது அதிகாரி ஒருவர் வந்தார். மேட்டு நாட்டுக்காரர், ஆற்றோரத்தில் இருந்து பழக்கமில்லாதவர். பதிவேடு பழசாகி, பக்கங்கள் ஒட்டிப் போயிருந்ததால் எல்லாவற்றையும் புதிதாகப் படியெடுக்கச் சொன்னார். அப்படி எழுதிக்கொண்டு வரும்போதுதான் கரையோரத் தெரு ஒன்று வந்தது. பதினொரு வீடுகள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் கரை இடிந்து அந்தத் தெரு முழுவதும் ஆற்றுக்குள் போய்விட்டது. வீடுகள் போனாலும் பெயர்களை யாரும் எடுக்கவில்லை.

“தெருவே இல்லை, ஆட்கள் எதற்கு? எடுத்துவிடுங்கள்” என்றார் அதிகாரி.

பெயரை எடுத்தால் காரணம் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் இறந்தார் என்று எழுதலாம், அல்லது இடம் மாறினார் என்று எழுதலாம். வேறு எதற்கும் இடமில்லை.

“எதை எழுதட்டும், ஸயா?” என்றேன். மேலதிகாரியை அங்கே அப்படித்தான் அழைப்போம்.

“எல்லோருக்கும் இடம் மாறினார் என்று போடுங்கள்.”

ஒரு முற்பகலில் வேலை முடிந்துவிட்டது. அடிமட்டத்தை வைத்துச் சிவப்புக் கோடு இழுத்தேன். பாதிக்கு மேல் தமிழ்ப் பெயர்கள். ஒரு கோடுகூடக் கோணவில்லை என்று எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மழை விட்ட மாதத்தில் ஒரு பெண் வந்து என் மேசை முன் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசி, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். முதலில் பர்மிய மொழியில் பேசினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள். த்வாண்டேயில் பானைச் சூளையில் மண் மிதிக்கிற வேலை என்றாள். மகளுக்கு அடையாள அட்டை எடுக்க, தாய் எந்த வீட்டுப் பதிவில் இருக்கிறாள் என்று நகல் வேண்டுமாம்.

“எந்த வீடு, அக்கா?”

“ஆத்தங்கரைத் தெரு. ஏழாம் நம்பரு.”

பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்புக் கோடு புரிந்தது.

“இது என்னா தங்கச்சி?”

“நீங்க இடம் மாறிட்டீங்கன்னு எழுதியிருக்கு.”

“நான் எங்கயும் மாறல. மண்ணுதான் போச்சு” என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதிகாரியிடம் அழைத்துப் போனேன். அதே தெருவில் குடியிருந்த இரண்டு பேர் சாட்சி சொன்னால் பெயரைத் திரும்பச் சேர்க்கலாம் என்றார். டாலாவில் சம்பான் படகு தள்ளுகிற ஒருவர் இரண்டாம் நம்பர் வீட்டுக்காரர் என்று தெரிந்து, அவரைத் தேடிப் பிடித்தோம். இன்னொருவர் கிடைக்கவில்லை. மூன்று வாரம் விசாரித்தும் கிடைக்கவில்லை. கடைசியில் நானே கையெழுத்துப் போட்டேன். சின்ன வயதில் அந்தத் தெருவில் என் சித்தி வீட்டில் இருந்தேன், இந்த அக்காவைத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்குச் சித்தியே கிடையாது.

அதிகாரி படித்துவிட்டு, “இவர் வீட்டுக்கு எதிரே என்ன இருந்தது?” என்று கேட்டார்.

“ஆறு” என்றேன்.

என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அதன் பிறகுதான் எனக்கு அந்தத் தெரு தெரிய ஆரம்பித்தது. மூங்கில் தட்டிச் சுவர்கள், கொடியில் காயும் துணி, வாசலில் கவிழ்த்த பானைகள். பார்க்காத இடம் இவ்வளவு துல்லியமாக எப்படி வரும் என்று தெரியவில்லை. பதிவேட்டில் நான் கோடு இழுத்த பெயர்கள் அந்த வாசல்களில் உட்கார்ந்திருந்தன. முகம் மட்டும் இருக்காது.

மகளுக்கு அட்டை கிடைத்ததும் அந்தப் பெண் திரும்ப வந்தாள். ஒரு சின்னத் தண்ணீர்ச் சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “தெருவுல இருந்தவங்க பேரெல்லாம் ஒரு தரம் படிச்சுக் காட்டு தங்கச்சி, கேக்கணும் போல இருக்கு” என்றாள்.

வீட்டு எண்ணும் பெயருமாக ஒன்றிலிருந்து படித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒன்பதாம் வீட்டில் ஓர் ஆள் மட்டும். பெயரைப் படித்து, “இடம் மாறினார்” என்றேன்.

“அவரு மாறலையே” என்றாள்.

கரை வெடித்த அன்று மத்தியானம் எல்லோரும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். அந்த ஆளும் வந்துவிட்டார். பக்கத்து வீட்டில் நடக்க முடியாத ஒரு கிழவர் இருப்பதாக யாரோ சொல்ல, திரும்பிப் போயிருக்கிறார். கிழவரை அதற்கு முன்பே வேறு வழியாகத் தூக்கி வந்திருந்தது அவருக்குத் தெரியாது.

“போவாதீங்கன்னு கத்தினேன். கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போனாரு. அப்புறம் தெருவே இல்ல.”

“உடம்பு கெடைச்சுதா?”

இல்லை என்று தலையசைத்தாள்.

இருவரும் அதிகாரியிடம் போனோம். உடலும் இல்லை, மருத்துவமனைத் தாளும் இல்லை, சொந்தக்காரர்களும் இல்லை. இறந்தார் என்று எழுத விதியில்லை என்றார். அவர் கெட்டவரல்ல. உண்மையிலேயே விதியில்லை. அந்தப் பெண் பதிவேட்டில் அவர் வரி எது என்று கேட்டு, அதன் மேல் ஒரு விரலை வைத்தாள்.

“எங்க மாறினாருன்னு கேக்க மாட்டாங்களா?”

அதற்கும் ஒரு கட்டம் உண்டு. பதினொரு வீட்டுக்கும் அதை நான் காலியாக விட்டிருந்தேன். அன்று ஒன்பதாம் வீட்டுக்கு மட்டும் “ஆறு” என்று எழுதினேன். மாலையில் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வந்த அதிகாரி அந்தச் சொல்லில் பேனாவை நிறுத்தினார். பிறகு கையெழுத்தைப் போட்டுப் பதிவேட்டை மூடினார்.

அவர் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்தப் பெண் த்வாண்டேயில்தான் இருக்கிறாள். திருவிழா நாட்களில் மகளோடு வந்து பார்த்துவிட்டுப் போவாள். நான் இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறேன். யார் பெயரை எடுப்பதானாலும் முதலில் அந்த வீட்டு வாசல் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். புது அதிகாரிக்கு இது வீண் வேலையாகத் தெரிகிறது.

காலைப் படகு அந்தக் கரையை ஒட்டித்தான் வரும். தண்ணீர் வற்றிய மாதங்களில் சேற்றுக்கு மேல், அந்தத் தெரு வீடுகளைத் தாங்கிய ஐந்தாறு மரக்கால்கள் தெரியும். படகில் மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேட்டிலிருந்து யாரோ போகாதீர்கள் என்று கத்துவது போல் எனக்குக் கேட்கும். கத்துவது அந்தப் பெண்ணின் குரல் அல்ல, என் குரல்.