அந்திமனியும் நான்கு புள்ளிகளும்

அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். வேலைக்கு வந்த புதிது. எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு.

ஆவர்த்தன அட்டவணையைக் கரும்பலகையில் வரைந்து, நேராக ஒரு கோடு இழுப்பேன். இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் அல்லுலோகம். தவணைச் சோதனையில் அந்திமனி எந்த வகை என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி மட்டும் ‘உலோகப்போலி’ என்று எழுதியிருந்தாள். அதற்குரிய நான்கு புள்ளிகளையும் வெட்டினேன். அவள் விடைத்தாளோடு வந்து நின்றாள்.

“சேர், நான் வாசிச்ச புத்தகத்திலை கோடு படிக்கட்டு மாதிரி இறங்குது. அதிலை நிக்கிறதுகளுக்கு ரண்டு பக்கக் குணமும் இருக்குமாம்.”

“என்ரை குறிப்பிலை உலோகம் எண்டுதான் கிடக்கு. போய் இரு.”

யாழ்ப்பாணத்து விடுதிப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிக்க இந்தச் சோதனையில் எண்பது புள்ளி வேண்டும். அவளுக்கு எழுபத்தெட்டு. அவளுடைய தகப்பன் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர். இந்த இடம் கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

புள்ளிப் பட்டியல் அந்த விடுதிப் பாடசாலைக்குப் போகவேண்டிய அன்று காலை, கொழும்பிலிருந்து மூலக மாதிரிகள் கொண்ட பெட்டி வந்தது. என் பக்கம்தான் சரி என்று காட்டவே வகுப்பின் முன்னால் சுத்தியலை எடுத்தேன். தகரத்தை அடித்தேன், தட்டையானது. அட்டவணையில் அதற்கு அடுத்து நிற்கும் அந்திமனியும் அதே போலத்தான் மினுங்கியது. ஒரே அடி. அல்லுலோகம் போலப் பொலபொலவென்று நொறுங்கிப்போனது. இன்னொரு துண்டை அடித்தேன். அதுவும் அப்படியே.

அவள் என்னைப் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடசாலை அதிபர் பட்டியலோடு ரயிலுக்குப் போய்விட்டிருந்தார். சைக்கிளை எடுத்து மிதித்தேன். நிலையத்துக்குள் ஓடியபோது ரயில் வந்து நின்றிருந்தது. அதிபர் யன்னலோரம் இருந்தார்.

“ஐயா, ஒரு பிள்ளைக்கு நாலு புள்ளி கூட்டவேணும்.”

“ஆற்றை பிழை?”

“என்ரை பிழை, ஐயா.”

அவர் பட்டியலையும் பேனையையும் நீட்டினார். எழுபத்தெட்டை வெட்டி எண்பத்திரண்டு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ரயில் புறப்பட்டது.

அடுத்த தவணை அவள் யாழ்ப்பாணம் போனாள். போவதற்கு முன் ஒருநாள், வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை, சேர்,” என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் பல வருடங்கள் படிப்பித்தேன்; என் குறிப்பில் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையின் விடையை வெட்ட என் கை பிறகு ஒருநாளும் துணியவில்லை.