ரோமர் போட்ட ரோட்டும் திரேசம்மா ரீச்சரும்

திரேசம்மா ரீச்சர் போய்விட்டார் என்ற செய்தி, நான் வெங்காயம் வதக்கிக்கொண்டு நின்றபோது ரெலிபோனில் வந்தது. அடுப்பை நிறுத்திவிட்டு ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன். அதற்குமேல் செபமும் வரவில்லை, சமையலும் நடக்கவில்லை. இங்கே கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் அவர் நடத்திய வெள்ளிக்கிழமைச் செபக் கூட்டத்துக்கு வந்துபோன உங்களுக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

ரீச்சர் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். ஓய்வு பெற்று மகளிடம் கனடா வந்தும் வகுப்பை விடவில்லை. வேதாகமம் வாசித்து முடிந்ததும் கேள்வி வரும். தலை நரைத்த நாங்கள் கை உயர்த்தித்தான் பதில் சொல்ல வேண்டும். “பின் வரிசையிலை என்ன கதை? விசுக்கோத்துத் தின்ன மட்டுந்தான் வாய் திறப்பியளோ?” என்று எனக்கு ஏச்சும் விழுந்திருக்கிறது.

ஒரு வெள்ளி, “உரோமர் ஆட்சி கிறிஸ்தவம் பரவ உதவிய காரணங்கள் ஐந்து தருக” என்றார். சோதனைத் தாளில் வெள்ளைக்காரன் ஆட்சியின் நன்மைகளை எழுதிப் பழகிய கைகள்தானே எங்களுடையவை. ரோட்டு, துறைமுகம், பொதுப் பாஷை, கள்ளர் பயமில்லாத பயணம் என்று போட்டி போட்டுச் சொன்னோம். ஐந்தாவதுக்கு றெஜினாவைப் பார்த்தார். றெஜினாவின் மகன் அன்ரனை ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோனது. பிறகு ஒரு தகவலும் இல்லை.

“பிடிபட்ட சனத்திட்டை ஆரும் நன்மை கேட்டவையோ ரீச்சர்? என்ரை பிள்ளையை ஏத்தின ட்ரக்கும் நல்ல ரோட்டிலைதான் போனது.”

குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார் றெஜினா. அடுத்தடுத்த வெள்ளிகளிலும் வரவில்லை.

ரீச்சர் தானே அவருடைய அபார்ட்மென்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னார்: “பிள்ளை, நான் பிழையாய்ப் படிப்பிச்சுப்போட்டன். உரோமர் ரோட்டுப் போட்டது படை போக, வரி வர. எதிர்த்த சனத்தை அந்த ரோட்டோரத்திலைதான் சிலுவையிலை அறைஞ்சவங்கள். அவங்கள் அடிமையாய் வித்த சனமும், அவங்கடை குசினியிலை சமைச்ச பொம்பிளையளுந்தான் வேதத்தைக் கொண்டு திரிஞ்சது. நன்றி சொல்லுறதெண்டால் நடந்த காலுக்குச் சொல்லுவம்.”

றெஜினா இளகவில்லை. “அது மட்டுமில்லை ரீச்சர். நவம்பர் வருகுது, மரிச்சவைக்கு மன்றாடுற மாசம். மரிச்சவையின்ரை பேர் வாசிக்கேக்கை அவன்ரை பேரையும் ஆரும் சேர்த்துப்போடுவினம் எண்டு பயமாயிருக்கு. சேர்த்தால் எல்லாம் முடிஞ்சமாதிரி. விட்டால் மறந்தமாதிரி.”

ரீச்சர் உள்ளே வந்து றெஜினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, “அப்ப ரெண்டிலையும் வேண்டாம். உயிரோடை இருக்கிறவைக்கு மன்றாடி முடிச்சு, மரிச்சவைக்குத் தொடங்க முன்னம், நடுவிலை ஒரு இடம் வைப்பம்” என்றார்.

“செபப் புத்தகத்திலை அப்பிடி ஒண்டும் இல்லையே” என்றேன் நான்.

“இல்லாட்டில் என்ன? கடவுளுக்கு விளங்கும். உமக்கு விளங்காட்டில் போய்த் தேத்தண்ணியைப் போடும்.”

றெஜினா சிரித்துவிட்டார். அடுத்த வெள்ளி வந்தார். அன்ரனின் பேரை அந்த நடு இடத்தில் தனியாகச் சொன்னோம். பிறகு வேறு தாய்மாரும் பேர்களோடு வந்தார்கள். அந்த இடம் நீண்டுகொண்டு போனது.

ரீச்சரை அடக்கம் செய்த கிழமை, செபத்தைத் தொடங்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. றெஜினாதான் எழும்பினார். உயிரோடிருப்பவர்களுக்காக மன்றாடினார். நிறுத்தி, அன்ரன் என்றார். மற்றப் பிள்ளைகளின் பேர்களையும் சொன்னார். இன்னொரு முறை நிறுத்தி, மரித்தோரில் முதல் பேராகத் திரேசம்மா என்றார்.

ரீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நடு இடத்தைத்தான். வீட்டில் தனியே செபம் சொல்லும்போதும் அங்கே நின்றுதான் கடக்கிறேன்.