தூக்கம் தொலைத்த டிரைவரக்கா

டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் டிரைவரக்காதான். அவள் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர் கையிலிருக்கும் டீகூடத் தளும்பாது என்று, அவளுடன் வண்டியில் போகும் கண்டக்டர் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். பாதி உண்மை, பாதி பாசம்.

கல்யாணமான புதிதில் அவள் தூங்குகிற தூக்கத்தைப் பார்த்துப் புருஷன் மிரண்டே போனார். அவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். ஊருக்கே குழாய்க்காரர். தலையணையில் தலை படுவதற்குள் இவளுக்குக் குறட்டை வந்துவிடும். இடி இடித்தாலும் அசையமாட்டாள்.

"கும்பகர்ணன் உனக்கு என்ன முறை?" என்று கேட்பார்.

"சித்தப்பா முறை. மரியாதையா பேசுங்க" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் வண்டு பிறந்தான். எந்நேரமும் வாய்க்குள் ஒரு ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பான் என்பதால் அந்தப் பெயர். வயசு மூன்று தாண்டியும் பேச்சு இரண்டொரு சொல்லோடு நின்றுவிட்டது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வாசலில் கிடக்கும் செருப்புகளை நூல் பிடித்த மாதிரி வரிசையாக அடுக்குவான். யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் வீடு இரண்டுபடும். ஆட்டிசம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இருவரும் அழுதார்கள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போக ஆரம்பித்தார்கள். பேச்சு வருகிறபோது வரட்டும், பிள்ளை நம் பிள்ளைதானே என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. அவர்களை உடைத்துப் போட்டது தூக்கம்.

படுக்க வைத்தால் நெடுநேரம் புரள்வான், காலை உதைப்பான். எப்படியோ அசந்தாலும் நடுராத்திரியில் பளிச்சென்று விழித்துக்கொள்வான். அழுகை கிடையாது. விடிந்துவிட்டது போல உற்சாகமாகக் கட்டிலில் குதிப்பான், கைகளைப் படபடவென்று அடித்துக்கொள்வான், ரீங்காரம் போடுவான். தனியாக விடவும் முடியாது. ஒருமுறை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வீட்டையே குளமாக்கினான். இன்னொரு முறை ஜன்னல் விளிம்பில் ஏறி நின்றான். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் விழித்திருப்பது கட்டாயமாகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் முறை வைத்துத் தூங்கினார்கள். வெடித்த குழாய் நேரம் காலம் பார்க்காது. அவருக்கு அவசர அழைப்பு வந்துவிட்டால் அன்றைய இரவு முழுக்க இவள் தலையில்தான்.

யோசனை சொல்ல மட்டும் ஆள் பஞ்சமில்லை. புருஷனின் அக்கா இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். வரும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவாள்.

"செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே. பகல்ல நல்லா ஓட விடு. ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான் பாரு."

ஓட விட்டார்கள். பூங்காவில் மாலை முழுக்க ஓடினான். பின்னால் ஓடிய குழாய்க்காரர்தான் அன்று அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார். வண்டுவோ களைக்கக் களைக்க முறுக்கேறிக்கொண்டு போனான்.

"இவனுக்கு டயர்ட் ஆனா எஞ்சின் இன்னும் சூடாகுது அண்ணி" என்றாள் இவள், சிரித்தபடி. சிரிப்பு கண் வரைக்கும் வரவில்லை.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. முகத்தைத் தண்ணீரில் அடித்துக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். திக்கான டீ, வாயில் ஏலக்காய், காதருகே ஜன்னல் காற்று என்று என்னென்னவோ செய்து சமாளித்தாள். கண்டக்டர் அண்ணன் இரண்டு மூன்று முறை ஜாடையாகக் கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே" என்று வாயை மூடிவிட்டாள்.

ஒரு நாள் மதியம். ரயில் நிலைய நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாள். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கியரில் கை வைத்தவள், அதைப் போடாமல் வந்த வழியை யோசித்தாள். சந்தை நிறுத்தத்தில் கிளம்பியது நினைவிருந்தது. அதற்குப் பிறகு பாலம் வரும், ஒரு வளைவு, ஒரு சிக்னல். அதில் ஒன்றுகூட நினைவில்லை. கண் திறந்தபடி இருந்ததா, மூடியிருந்ததா? கை மட்டும் தன்பாட்டில் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். முன் சீட்டில் ஒரு பெண் தன் குழந்தையின் தலைமுடியைப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

எஞ்சினை அணைத்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

"அண்ணே, எல்லாரையும் இறக்கி அடுத்த வண்டியில ஏத்தி விட்டுடுங்க."

"ஏம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் மக்கர். பாலத்தைத் தாண்டினது எனக்கு ஞாபகமே இல்லண்ணே."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் மனிதர் உடனே டிக்கெட் பையை மூடினார். திரும்பி, "வண்டி இதுக்கு மேல போகாது, இறங்குங்க" என்று குரல் கொடுத்தார்.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டிதானேய்யா?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார்.

"நல்லா ஓடும்போதே நிறுத்திட்டோம் சார். சந்தோஷப்படுங்க."

அவளே டிப்போவுக்குப் போன் செய்தாள். மேலாளர் கறார் பேர்வழி. முழுக்கக் கேட்டுவிட்டு, "யாரும் புகார் குடுக்கலையேம்மா" என்றார்.

"நான் குடுக்கிறேன் சார்."

"யார் மேல?"

"என் மேலதான்."

மேலாளர் குரலைத் தணித்துக்கொண்டார். பிறகு, வீட்டில் என்ன நிலைமை என்று கேட்டார். அதுவரை டிப்போவில் யாரிடமும் சொல்லாததை நடைபாதையில் நின்றபடி கொட்டித் தீர்த்தாள். டாக்டர் சரி என்று எழுதித் தருகிற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார் மேலாளர். பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைக்கும் அறையில் அவளை உட்கார வைத்தார். குடைகளும் டிபன் டப்பாக்களும் குவிந்துகிடந்த அந்த அறையில் ஒற்றைச் செருப்பு ஒன்றும் இருந்தது. அதைத் தவறவிட்டவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்று யோசித்துச் சிரித்தவள், அந்தச் சிரிப்பிலேயே தேம்பித் தேம்பி அழுதாள்.

வீட்டில் புருஷன் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

"நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லல. போன வாரம் ஒரு வீட்ல குழாய் மாத்திட்டு, மெயின் வால்வைத் திறக்காமலே வந்துட்டேன். பாவம், அவங்க மூணாவது வீட்ல போய் தண்ணி தூக்கியிருக்காங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருவருக்குமே கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

அந்த வாரமே குழந்தைகள் டாக்டரிடம் போனார்கள். முன்பெல்லாம் பேச்சைப் பற்றியே பேசித் திரும்பியவர்கள், இந்த முறை தூக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா நாற்காலியை விட்டு இறங்கி, வண்டு விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த பாயில் உட்கார்ந்தாள். குறட்டை விடுவானா, காலை உதைப்பானா, என்ன சாப்பிடுவான் என்று நிதானமாகக் கேட்டாள். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள்.

"இது அடம் இல்லம்மா. இவனை மாதிரி நிறைய பிள்ளைங்களுக்குத் தூக்கம் இப்படித்தான் தகராறு பண்ணும். இருட்டிடுச்சு, தூங்குன்னு உடம்பு சொல்றது சிலருக்கு லேட்டா வரும். நம்ம காதுல விழாத சத்தம் இவனுக்குத் தலைமேல சம்மட்டி அடிக்கிற மாதிரி இருக்கலாம். உங்க வளர்ப்புல ஒரு குறையும் இல்ல."

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள் டிரைவரக்கா.

"ஒண்ணு செய்யுங்க. அவன் படுக்கிற இடத்துல நீங்க ஒரு தடவ படுத்துப் பாருங்க" என்றாள் டாக்டரம்மா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழாய்க்காரர் சுவரோரமாக, மகனின் தலையணையில் தலை வைத்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் அலறினார்.

"ஏய், ஓடி வா! இங்க காதை வச்சுப் பாரு!"

சுவருக்குள் டக், டக், டக் என்று சத்தம். மாடி வீட்டில் யாரோ, ராத்திரியிலும் செய்வது போல, தண்ணீர் திறந்து மூடுகிறார்கள். சுவருக்குள் போகும் குழாய் பிடிப்பு விட்டு அடித்துக்கொள்கிறது. நின்றபடி கேட்டால் ஒன்றும் தெரியாது.

"ஊர் வீட்டுக் குழாயெல்லாம் பாக்கறீங்க. நம்ம வீட்டுச் சுவத்துல ஒரு தடவ காதை வச்சீங்களா?" என்றாள். அவர் அன்று சாயங்காலமே மாடி வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு சுவரைக் கொத்தி, குழாயை இறுக்கிப் பிடிப்புப் போட்டார்.

குழாயோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பரிசோதனையில் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று வந்தது. கால் உதைப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று சிரப் கொடுத்தார்கள். ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டாள். சட்டைக் கழுத்தில் உறுத்திய துணிச்சீட்டுகளைக் கத்தரித்தாள். குளியல், பழைய மெத்தென்ற சட்டை, ஒரு மடக்குத் தண்ணீர், மங்கின விளக்கு, தலையணை என்று படம் வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டினாள். வரிசை என்றால்தான் அவனுக்கு உயிராயிற்றே. ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான். ஆனாலும் முதல் வாரம் முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது. பிறகு டாக்டரம்மா தூக்கத்துக்கென்று சிறு அளவில் ஒரு மருந்தும் சேர்த்தாள். மெல்ல மெல்ல, ஒரு இரவு நல்லது, இரண்டு இரவு கெட்டது என்று இழுத்து, கடைசியில் நல்லது கெட்டதை முந்தியது.

வேடிக்கை என்னவென்றால், பிள்ளை தூங்க ஆரம்பித்த பிறகு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. எப்போது எழுவானோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். கும்பகர்ணனின் அண்ணன் மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, வண்டுவின் வரிசையில் சரியாக வைத்தாள். அவனுக்கென்று வாங்கி வந்த சட்டையில் துணிச்சீட்டை முன்பே வெட்டியிருந்தாள்.

"நான் புரியாம நிறைய பேசிட்டேன். மனசுல வச்சுக்காதே" என்றாள், அவளுக்குப் பழக்கமில்லாத தணிந்த குரலில். "என் வீட்டுக்குப் போ. சாவி இந்தா. கதவைச் சாத்திக்கிட்டுப் படு. இவனை நானும் தம்பியும் பாத்துக்கறோம்."

"அண்ணி, அவன் ஏதாவது..."

"போடீன்னா!"

போனாள். வேறு வீடு, வேறு கட்டில், கேட்பதற்கு எந்தச் சத்தமும் இல்லை. எப்போது கண் சொருகியதென்று தெரியாது. எழுந்தபோது ஜன்னலில் அந்தி வெளிச்சம். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தால், வண்டு அத்தையின் மடியில் கால் நீட்டி உட்கார்ந்து, அவள் வளையல்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிக்கொண்டிருந்தான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுக்கென்று ஆகிவிட்டது.

மருத்துவச் சான்றும் வந்தது. சோதனை ஓட்டத்துக்கு மேலாளரே வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பாலத்தில் ஏறும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் வளைவு தெரிந்தது, சிக்னல் தெரிந்தது, சிக்னலில் பலூன் விற்றவரின் கிழிந்த பை வரைக்கும் தெரிந்தது. மறுநாளிலிருந்து பழைய வழித்தடம் அவளுக்கே வந்தது.

வண்டுவுக்கு இன்னமும் கெட்ட இரவுகள் உண்டு. சளி பிடித்தால் போதும், எல்லாம் தலைகீழ். அப்படிப்பட்ட காலைகளில் அவள் போன் செய்து, "சார், இன்னிக்கு நான் ஓட்டல" என்று சொல்லிவிடுவாள். முதலில் சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு ஒரு நாள், முறுக்கு மீசை டிரைவர் ஒருவர் மேலாளரின் மேசை முன் வந்து தலையைச் சொறிந்தார். வீட்டில் கைக்குழந்தை, கண் எரிகிறது என்றார். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் தாயாரோடு விழித்திருந்ததைச் சொன்னார். வெட்கம் விட்டுப்போனது. ஓட்ட முடியாதவர்களுக்கு அன்றைக்கு வேறு வேலை என்பது டிப்போவில் நடைமுறையாகவே ஆகிவிட்டது.

"எல்லாரும் நல்லா தூங்கிட்டு வர்றீங்க. காலையில ஆள் மாத்தி ஆள் போட்டு எனக்குத்தான் தூக்கம் போச்சு" என்று மேலாளர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் புலம்புவார்.

"நீங்க வண்டி ஓட்டலையே சார்" என்பாள் டிரைவரக்கா.