என் படத்தின் ஓரத்தில் போன பெண்

என் கணவரை அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை. அதற்காகக் குறை சொல்லாமல் இருந்தேன் என்றும் நினைத்துவிட வேண்டாம்.

விளக்குத்தூணுக்குப் பின்னால் ஒரு சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. அதன் மாடிதான் அந்த அறை. கடைக்காரரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து பேர் அங்கே கூடி, விளக்கு வைக்கும் நேரம்வரை ரோல் பிளேயிங் கேம் ஆடுவோம். இதில் ஒருவர் கதையை நடத்துவார். எங்களுக்கு அது பாய். மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தப் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். நான் சீட்டாடப் போகிறேன் என்று எங்கள் வீட்டு ஓனரம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் நான்தான் பொல்லாதவள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் படம், பிறகுதான் ஆள். புதுக்கதை தொடங்குமுன் ஒவ்வொருவரும் பழைய ஆவணக் காப்பகங்களின் இணையதளங்களில் இருந்து ஒரு படத்தை எடுத்துவர வேண்டும். வெள்ளைக்காரர்கள் வரைந்துகொண்டு போன கோட்டோவியம், இங்குள்ள ஓவியர்கள் அவர்களுக்கு வரைந்து விற்ற தொழிலாளிகளின் படங்கள், எதுவானாலும் சரி. படத்தில் இருப்பவர் என்ன உடுத்தியிருக்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதிலிருந்துதான் பாத்திரம் பிறக்கும். மனதில் முதலிலேயே ஒரு வீரனை நினைத்துக்கொண்டு அவனுக்கு ஏற்ற படத்தைத் தேடி வந்தால் பாய் ஒத்துக்கொள்ள மாட்டார். "நீ நெனச்சது உனக்குள்ளயே கிடக்கும். படத்துல இருக்குறவன் என்ன சொல்றான்னு கேளும்மா" என்பார்.

அந்தப் படங்களைத் தேடுவதில் என்னை விட்டால் ஆளில்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மதிய இடைவேளை முழுவதும் எனக்கு இதுதான் வேலை. பக்கத்து மேசைக்காரி நான் சேலை டிசைன் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். எந்தக் காப்பகம் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க விடும், எந்த ஓவியர் எல்லோருக்கும் ஒரே பாதத்தை வரைந்து ஏமாற்றுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எங்களோடு ஆடும் பல் டாக்டர் பெண்ணின் பாத்திரமான மேளக்காரர் நான் தேடிக் கொடுத்த படம். சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் வரும் கல்லூரி ஆசிரியரின் ஊர் சுற்றும் வைத்தியரும் நான் தேடிக் கொடுத்தவர்தான்.

ஒரு கதை முடிந்ததும் எல்லோரும் ஓட்டுப் போட்டு ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்போம். அந்தப் படத்தைப் பாய் நல்ல தாளில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, அறைச் சுவரில் மாட்டுவார். வருடக்கணக்காக ஆடுகிறோம். சுவரில் இருக்கும் படங்கள் அத்தனையும் நான் கண்டுபிடித்தவை. அவற்றில் ஒன்றுகூட என் பாத்திரம் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பேன். டீ இறங்காது.

இந்த முறை என் ஆள் சுவர் ஏறியே தீர வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அதற்கென்றே ஒரு படத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். கோட்டை வாசல், அதன் முன்னால் குதிரையில் ஒரு பாளையக்காரரின் தம்பி, இடுப்பில் வாள், தலைப்பாகையில் ஒரு இறகு. அவன் முகத்தில் தெரியும் சலிப்பு இருக்கிறதே, அதை வைத்தே ஒரு வருடம் ஆடலாம்.

அந்த நேரம் பார்த்து எங்களில் ஒருவர் வேலை மாற்றலாகிச் சென்னைக்குப் போய்விட்டார். ஒரு ஆள் குறைந்தது. என் கணவர் ஒரு இன்ஜினீயர் அலுவலகத்தில் கட்டட பிளான் வரைகிறார். பேச்சு குறைவு. வீட்டில் நான் பேசுவதற்கெல்லாம் அவர் பதில் "ம்". இவர் வந்தால் எனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது என்று நினைத்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

"உங்க படம் எங்க?" என்று பாய் கேட்டார். இவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் படம். வீட்டில் என் தோளுக்கு மேலாகப் பார்த்திருப்பார். ஆனால் குதிரை இல்லை, கோட்டை இல்லை. பிளானில் ஜன்னலைப் பெரிதாக்கிப் பார்க்கிற பழக்கத்தில் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கியிருக்கிறார். அங்கே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பெண், தலையில் கூடையோடு போய்க்கொண்டிருக்கிறாள். எத்தனையோ நாள் அந்தப் படத்தைப் பார்த்தவள் நான். அவளைப் பார்த்ததே இல்லை.

"ஒரு படம் ஒருத்தருக்குத்தான பாய்? அது என் படம்" என்றேன்.

"நீ எடுத்தது குதிரைக்காரன்" என்றார் இவர். "நான் எடுத்தது ஓரத்துல போற பொம்பள."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். "படத்துக்குக் கீழ குதிரைக்காரனப் பத்தித்தான் எழுதியிருக்கு. அந்தம்மாவ யாரும் எடுக்கல. எடுத்துக்கட்டும்" என்றார்.

கதை தொடங்கியது. மழை பொய்த்த காலம். நாங்கள் நால்வரும் ஒரு கோட்டைக்குள் நுழைந்து, அங்கே அடைத்து வைத்திருக்கும் விதைநெல்லை மீட்க வேண்டும். வாசல் காவலனாகப் பாய் பேசினார். என் குதிரைக்காரன் முன்னால் வந்து, குலப்பெருமை சொல்லி, செந்தமிழில் ஒரு நீண்ட உரை நிகழ்த்தினான். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த உரை. பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது. காவலன் கொட்டாவி விட்டான்.

அப்போது இவர் இடுப்பில் ஒரு கையை வைத்தார். மறு கையை நீட்டினார். இல்லாத ஒரு கூடை தலையில் இருப்பது எனக்கே தெரிந்தது.

"ஏப்பா, எம்புட்டு நேரம் நிக்கிறது? கூடைய நீ சுமக்குறியா, நான் சுமக்குறேனா? உங்க ஆத்தா வந்து நின்னா இப்படித்தான் வாசல்லயே நிறுத்திவைப்பியா? நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா நான்தேன் பொல்லாதவ."

பல் டாக்டர் சிரித்துச் சிரித்து மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள். பாய் பகடையே கேட்கவில்லை. "கதவு திறந்தாச்சு" என்றார். இத்தனை வருடத்தில் பகடை உருட்டாமல் எனக்கு எந்தக் கதவும் திறந்ததில்லை.

பொறாமை என்று வேறு யாராவது சொன்னால் கோபம் வரும். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். பொறாமைதான். சோழவந்தான்காரர் இரண்டாவது வாரமே இவரை "மாப்ள" என்று தோளில் கை போட்டுக் கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அவரிடம் "தங்கச்சி" என்ற பட்டம் கிடைக்க எத்தனை மாதமானது என்று எனக்குத்தான் தெரியும். ஊரிலிருந்து அவர் கொண்டுவரும் கொழுந்து வெற்றிலையில் முதல் கட்டு இப்போது இவருக்கு. இவர் வெற்றிலையே போடமாட்டார்.

என் குதிரைக்காரனைக் கொஞ்சம் கலகலப்பாக்கிப் பார்த்தேன். ஒரு நகைச்சுவை சொல்ல வைத்தேன். மின்விசிறிச் சத்தம் நன்றாகக் கேட்டது.

பிறகு ஆற்றைக் கடக்கும் கட்டம் வந்தது. எங்கோ மலையில் பெய்து திடீர் வெள்ளம். என் குதிரைக்காரனிடம் மட்டும்தான் கயிறு இருந்தது. வைத்தியரும் கூடைக்காரியும் தண்ணீரில் தத்தளிக்கிறார்கள், யாருக்குக் கயிறு என்று பாய் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, வைத்தியருக்குப் போட்டேன். அவள் போகட்டும், அத்தோடு தொல்லை விட்டது. இவர் என்னைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஏன்டியம்மா வைகை, வருசத்துல நாலு நாள் வார. அந்த நாலு நாளும் நான் எறங்குறப்பத்தான் வரணுமா? உனக்கே நல்லாருக்கா?"

பல் டாக்டர், ஒரு கதைக்கு ஒரே முறை உருட்டக்கூடிய தன் அதிர்ஷ்டப் பகடையை எடுத்து இவர் கையில் கொடுத்தாள். சோழவந்தான்காரரும் கொடுத்தார். அவர் வைத்தியரைக் காப்பாற்றியது நான். நன்றிகெட்ட மனிதர். கூடைக்காரி கரையேறினாள். என் குதிரைக்காரன் நனையாமல் நின்றான். அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். தோசைக்குச் சட்னி அரைக்காமல் பொடியை வைத்தேன். "அங்க மட்டும் வாய் கிழியப் பேசுறீங்க. எவகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "ம்" என்றார். அந்தப் பெண்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது. கோட்டோவியத்தில் போகிற, மூக்கு வாய்கூட ஒழுங்காக இல்லாத ஒருத்தி. அவளுக்காக இந்த மனிதர் எவ்வளவு பேசுகிறார்!

விதைநெல் மீட்கப்பட்டுக் கதை முடிந்தது. ஓட்டு நாள் வந்தது. எங்கள் விதி எளிது. அவரவர் பாத்திரத்துக்கு அவரவர் ஓட்டுப் போடக்கூடாது. சமமாக வந்தால் பாய் முடிவு சொல்வார். பாயின் மனது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

பல் டாக்டர்தான் முதலில். "என் ஓட்டு கூடைக்காரிக்கு" என்றவள், இவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நெசமாச் சொல்லுங்க. அந்தம்மாவ எங்கருந்து புடிச்சீங்க?"

இவர் தலையைச் சொறிந்தார். "எங்கயும் போகல. எல்லாம் இவ பேசுறதுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"காய்கறிக் கடையில, ஓனரம்மாகிட்ட, எல்லாம் இப்படித்தான் பேசுவா. தண்ணி லாரிக்காரர்ட்டக் கேட்டா, வாரத்துல ஒரு நாள் வாரீங்க, அதுவும் நான் குளிக்கிறப்பத்தான் வரணுமான்னு. நான் லாரிய எடுத்துட்டு ஆத்த வச்சேன். அம்புட்டுத்தான்."

"அட, ஆமா!" என்று பல் டாக்டர் கத்தினாள். "கைய நீட்டுறதுகூட அக்காதான்!" நான் அவசரமாக இடுப்பிலிருந்து கையை எடுத்தேன். அதற்கும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். எனக்கு உச்சி குளிர்ந்திருக்க வேண்டும். காது மடல் சுட்டது. இத்தனை வருடம் நான் நானாகவே இவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அப்போது யாரும் மேசைமேல் கவிழ்ந்து சிரிக்கவில்லை. இவர் வாயில் நான் வந்ததும் எல்லோருக்கும் என்னைப் பிடித்துவிட்டது.

சோழவந்தான்காரர் தொண்டையைக் கனைத்தார். "மாப்ள கோவிச்சுக்காத. என் ஓட்டு தங்கச்சியோட குதிரக்காரனுக்கு. எம்புட்டு நாளா நமக்கெல்லாம் படம் தேடிக் குடுக்குது. ஒண்ணாச்சும் மாட்டணும்ல."

இரக்கப்பட்டுப் போட்ட ஓட்டு. அடுத்து இவர். "எனக்கும் குதிரக்காரன்தான்" என்றார். அது எதற்குப் போட்ட ஓட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டுக்கு ஒன்று. மிச்சம் என் ஓட்டு. கூடைக்காரிக்குப் போட்டால் சமம், பாய் அவளை மாட்டிவிடுவார். வேறு யாருக்காவது போட்டால் நான் ஜெயிப்பேன். நான் பெரிய மனது பண்ணுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

"நம்ம ஆளுக்கு நாம ஓட்டுப் போடக் கூடாதுல்ல பாய்?" என்றேன்.

"ஆமாம்மா."

"அவ நான்தானாம். இப்பத்தான் எல்லாரும் சொன்னீங்க. அப்ப அவளுக்கும் நான் போட முடியாது. என் ஓட்டு வைத்தியருக்கு."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே மறுபடி மாட்டிக்கொண்டார். "சரிதான்" என்றார். கைதட்டினார்கள். குதிரைக்காரன் அடுத்த வாரம் சுவரேறுவான். இத்தனை வருட ஆசை. கைதட்டல் முடிவதற்குள் அது எனக்குப் போதாது என்று தெரிந்துவிட்டது.

பைக்கில் வீடு திரும்பும்போது நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். காளவாசல் சிக்னலில் வண்டி நின்றது. நாலாபக்கமும் ஹாரன். அவர் காதருகே குனிந்தேன்.

"அடுத்த கதைக்கு அவள எனக்குக் குடுத்துருங்க. நான் பேசுறத நானே பேசிக்கிறேன்."

"எடுத்துக்க" என்றார். ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்கிவிட்டு, "ஆனா உனக்கு வராது" என்றார்.

"ஏன் வராது?"

"பேசுறப்ப உன் மூஞ்சிய நீ பாத்திருக்கியா?" திரும்பாமலே சொன்னார். "நான் பாத்துக்கிட்டேதான இருக்கேன்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் என்னிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். நான் பார்க்கவே முடியாத ஒருத்தியை இவர் தினமும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பச்சை விளக்கு விழுந்தது. வீடு வரும்வரை பைக்கின் பக்கக் கண்ணாடியில் என் மூஞ்சியைத் தேடிக்கொண்டு வந்தேன்.