உதவாத மூன்று காய்கள்

அம்மாவுக்கு மாஜோங் என்ற சீனக் காய் விளையாட்டைப் பழக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒக்லண்டுக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. பாபடோயிட்டோயில் எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்க அன்ரி சனிக்கிழமைகளில் இரண்டு சிநேகிதிகளோடு மாஜோங் விளையாடுவார். நாலாவது ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டதால் வேலிக்கு மேலால் எட்டி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், கதைக்கக் கூச்சம். அன்ரி சொல்லும் விதிகளை மொழிபெயர்த்துப் பழக்க நானும் போனேன்.

மங்கரேயில் விமான நிலையச் சமையலறை வேலை, ஞாயிறு பூசை, வீடு. இதற்கு வெளியே சிரித்துக் கதைக்க அம்மாவுக்கு ஒருவரும் இல்லை. அந்த மேசையில் எப்படியாவது நிலைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரு மாதத்துக்குள் பழகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக அன்ரி நயமாகச் சொல்லியிருந்தார்.

ஆளுக்குப் பதின்மூன்று காய். எவை சேர்ந்தால் வெற்றி என்று ஓர் அட்டையில் அச்சடித்திருக்கும். ஊரில் கணக்கு ரீச்சராக இருந்த அம்மா அதை இரண்டே நாளில் பாடமாக்கிவிட்டார். ஆனால் ஆட்டம் தொடங்குமுன் தனக்கு உதவாத மூன்று காய்களை வலப்பக்கத்தவருக்குத் தள்ள வேண்டும், பிறகு எதிரே, பிறகு இடப்பக்கம். அங்கேதான் வண்டி குடைசாய்ந்தது.

முதல் நாளே வலப்பக்கத்துப் பெண்மணிக்கு ஒரு ஜோக்கரை நீட்டினார், பலகாரத் தட்டு நீட்டுவதுபோல. எந்தக் காய்க்கும் பதிலாக நிற்கக்கூடியது ஜோக்கர். அதைத் தள்ளவே கூடாது என்பது சட்டம். அன்ரி தடுத்ததும் கையிலிருந்த நல்ல சோடியொன்றைத் தூக்கிக் கொடுத்தார்.

"வேண்டாததைக் குடுங்கோ அம்மா," என்று பல்லைக் கடித்தேன்.

"வேண்டாததை எப்பிடிப் பிள்ளை ஒரு ஆளின்ர கையில குடுக்கிறது?"

"அதுதான் ரூல்!"

"ஓம், ரூல்தான்," என்றார். அடுத்த ஆட்டத்திலும் நல்லதையே கொடுத்தார்.

மூன்று சனிக்கிழமையும் வலப்பக்கத்துப் பெண்மணியே வென்றார். மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலாம் சனி, இன்றைக்கும் இப்படிச் செய்தால் இனி உங்களோடு வரமாட்டேன் என்று கேற்றடியிலேயே சொல்லிவிட்டேன்.

அன்று அம்மா உதவாத மூன்றைப் பொறுக்கிக் கவிழ்த்துவைத்தார். தள்ளும்போது மன்னிப்புக் கேட்டு மெதுவாக, "சொரி" என்றார். எதிரே இருந்தவருக்கும் ஒரு சொரி, இடப்பக்கத்துக்கும் ஒன்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அந்த ஆட்டத்தில் அம்மா வென்றார். இனி இந்தக் கதிரை அம்மாவுடையதுதான் என்று அன்ரி கைதட்டினார். நான் துள்ளிக் குதித்தேன். அம்மா எல்லோருக்கும் நன்றி சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முகம் வாடிப்போய்ச் சோறு போட்டார். வென்ற பிறகும் ஏன் இந்த முகம் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அந்த வருசம் எங்கள் கட்டில், கேத்தல், அம்மாவின் குளிர்ச்சட்டை, என் பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாமே யாரோ தங்களுக்கு வேண்டாமென்று மூட்டை கட்டித் தந்தவை. நல்ல மனதோடுதான் தந்தார்கள். அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கினார். அப்படி வாங்கும் கைக்கு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நானோ அவருக்கு ஆட்டம் பழக்கிவிட்டேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.